பதினேழாம் எண்ணின் பசி

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

இங்கு நலம். நீயும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அன்று உன் வீட்டிலிருந்து செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் கிளம்பியவன், இனி உனக்கு ஒரு வரி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் இங்கே வந்த அன்றே கைப்பேசியை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள். சாப்பாட்டு விளம்பரம், சாப்பாட்டுப் படம் எதுவும் பன்னிரண்டு வாரத்துக்கு எங்கள் கண்ணில் படக்கூடாதாம். கடிதம் எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். எனக்கு எழுத வேறு யார் இருக்கிறார்கள்?

நீ அனுப்பிய உறையில் இந்தச் சாப்பாட்டு ஆய்வில் சேரும் படிவம் மட்டும்தான் இருந்தது. எப்படி இருக்கிறாய் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஓரத்தில் பென்சிலால், ‘உறவினர் யாராவது இந்த ஆய்வில் வேலை பார்க்கிறார்களா என்ற இடத்தில் இல்லை என்று எழுது’ என்பது மட்டும். அப்படியே எழுதினேன். ஏன் என்று உன்னை நான் கேட்கவும் இல்லை, இங்கே யாரும் சந்தேகப்படவும் இல்லை.

பழைய மாணவர் விடுதி ஒன்றைப் பிடித்திருக்கிறார்கள். நீளமான வராந்தா, இருபத்து நான்கு கட்டில், இருபத்து நான்கு பேர். மணிக்கட்டில் பிளாஸ்டிக் பட்டை கட்டி எண் போட்டிருக்கிறார்கள். நான் 17. பக்கத்துக் கட்டில் 18, லாரி ஓட்டியவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன். முதுகு போனதால் வண்டியை விட்டுவிட்டாராம். குறட்டை விட்டால் கட்டில் கியர் மாறுகிறது.

தட்டு மூடியோடு வரும். சிலருக்கு மூடியில் பச்சை ஒட்டு, சிலருக்கு வெள்ளை. எனக்கும் அண்ணனுக்கும் பச்சை. என்ன வித்தியாசம் என்று கேட்டால் வார்டன் அம்மா, “எனக்கே தெரியாதுப்பா, சாப்பிடு” என்கிறார். சாப்பிட்டு முடித்ததும் ஒரு தாள் தருகிறார்கள். அதில் நேராக ஒரு கோடு. இந்த முனையில் ‘பசி’, அந்த முனையில் ‘வயிறு நிறைந்தது’. எங்கே இருக்கிறோமோ அங்கே குறுக்காக ஒரு கோடு போட வேண்டும். நான் எப்போதும் அந்த முனையை ஒட்டித்தான் போடுகிறேன். அவ்வளவு நல்ல சாப்பாடு.

நேற்று மூளையைப் படம் எடுத்தார்கள். பிறகு மூக்கில் இன்சுலின் தெளித்தார்கள், மறுபடி படம். அம்மாவுக்குத் தொடையில் ஊசியாகத்தானே போட்டோம்? எனக்குத்தான் சர்க்கரை இல்லையே, பின் எதற்கு இது? அதுவும் மூக்கில்?

உன் தம்பி

பிப்ரவரி 11

தம்பிக்கு,

கடிதம் வந்தது. மாமாவிடம் காட்டினேன். கட்டில் கியர் மாறுவதைப் படித்துச் சிரித்தார்.

படிவத்தோடு நான் ஒன்றும் எழுதாதது கோபத்தால் இல்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அன்று அத்தனை பேர் முன்னால் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அதற்குமேல் இதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை.

மூக்கைப் பற்றிக் கேட்டாய். இன்சுலினுக்குச் சர்க்கரை வேலை மட்டும் இல்லை. நாம் சாப்பிட்டதும் இரத்தத்தில் அது கூடும். அதில் கொஞ்சம் மூளைக்கும் போகும். மூளைக்கு அடியில் பாதாம் பருப்பு அளவு ஓர் இடம் இருக்கிறது. ‘வந்து சேர்ந்தது, போதும்’ என்று அங்கே போய்ச் சொல்வதில் இன்சுலினுக்கும் ஒரு பங்கு உண்டு. மூக்கில் தெளித்தால் உடம்பைச் சுற்றாமல் நேராக மேலே போய்விடும். உன் மூளை அதைக் கேட்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் முன்னும் பின்னும் படம். பயப்பட ஒன்றும் இல்லை.

அந்தப் படங்கள் கணினி வழியாக எங்கள் அலுவலகத்துக்குத்தான் வரும். அளப்பது நானும் இன்னொருவரும். எங்களுக்குப் பெயர் தெரியாது, எண்தான். அதனால் உன் எண்ணை இனி எழுதாதே. நான் அதைப் படித்திருக்கவே கூடாது. கடிதங்களையும் வைத்துக்கொள்ளாதே, கிழித்துவிடு.

அந்தக் கோட்டை மட்டும் உள்ளபடி போடு. யாருக்காகவும் கூட்டிக் குறைக்காதே.

அக்கா

பிப்ரவரி 24

அக்காவுக்கு,

மூன்று வாரம் தாண்டிவிட்டது. இத்தனை நாள் நான் பார்த்த வேலைகளிலேயே எனக்கு ஒத்துவந்த வேலை இதுதான். தண்டச்சோறு என்று யாரும் சொல்ல முடியாது, சோறு தின்பதே வேலை! மீதி வைக்காமல் சாப்பிட்டால் வார்டன் அம்மா “சமத்து” என்கிறார். முப்பத்தோரு வயதில் சமத்துப் பட்டம் வாங்குகிறேன்.

சாப்பாடு இன்னும் ருசியாகிவிட்டது. சூப்பின் மேல் பளபளவென்று ஒரு படலம் நிற்கும். கேக்கை வாயில் வைத்தால் நாக்கிலேயே கரையும். எடையைத் தினம் பார்க்கிறார்கள், ஒன்றரைக் கிலோதான் கூடியிருக்கிறது. ஆளைப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

கோட்டை உள்ளபடி போடச் சொன்னாயே, போடுகிறேன். முன்பு ‘நிறைந்தது’ முனையை ஒட்டி வந்தது இப்போது நடுவுக்கு வந்துவிட்டது. அதே தட்டு, அதே அளவுதான். வயிறு கனக்கிறது, பெல்ட்டைத் தளர்த்த வேண்டியிருக்கிறது, ஆனால் நிறைந்த மாதிரி இல்லை. கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்குப் பரிமாறுகிறவரைப் பார்த்துக்கொண்டே இருப்போமே, அந்த மாதிரி. “என் கை தப்பா போடுதா?” என்று வார்டன் அம்மாவிடம் கேட்டேன். “எது தோணுதோ அதைப் போடு” என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்.

அண்ணனும் இதையேதான் சொல்கிறார். “தம்பி, வண்டில டீசல் முள்ளு வேலை செய்யலன்னா இப்படித்தான் இருக்கும். டேங்க் ரொம்பி வழியும், முள்ளு மட்டும் காலின்னு காட்டும்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். மணி அடிப்பது ஒரு மணிக்கு. நேற்று பன்னிரண்டேகாலுக்கே சாப்பாட்டு அறைக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். எப்போது நடந்து வந்தேன் என்று ஞாபகமில்லை. எனக்கு முன்னாலேயே ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். எல்லாருமே பச்சை ஒட்டு.

உன் தம்பி

மார்ச் 1

தம்பிக்கு,

அங்கிருந்து வந்துவிடு. பல்வலி என்று சொல், மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல், எதையாவது சொல். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று நீ கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருக்கிறது. அவர்களால் பிடித்து வைக்க முடியாது.

காரணத்தை இப்போது கேட்காதே. நேரில் சொல்கிறேன்.

அக்கா

மார்ச் 6

அக்காவுக்கு,

உனக்கு என்னதான் வேண்டும்?

மாமாவின் அண்ணன், அண்ணி, அவர்கள் சம்பந்தி வீட்டார் என்று ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்க, “இவன் மூணு மாசத்துக்கு மேல எந்த வேலைலயும் ஒட்ட மாட்டான், எழுதி வெச்சுக்கோங்க” என்றாய். காபி கொடுத்துக்கொண்டே சொன்னாய். குரலைக்கூட உயர்த்தவில்லை. அந்த அண்ணி என்னைப் பார்த்து ‘ப்ச்’ கொட்டியது இன்னும் என் காதில் இருக்கிறது. இப்போது ஒட்டிக்கொண்டிருக்கிறேன். நீயே கொண்டுவந்து ஒட்டிவிட்டு, நீயே பிய்க்கிறாய். பாதியில் ஓடி வந்தால் மறுபடி அந்தக் கூட்டத்துக்கு நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாதா?

காரணம் சொல்ல முடியாதாம், வந்துவிட வேண்டுமாம். நான் என்ன சின்னப் பிள்ளையா?

வர மாட்டேன். பன்னிரண்டு வாரத்தையும் முடித்துவிட்டுத்தான் வருவேன்.

நாளையிலிருந்து ஒரு வாரம் ஓய்வு வாரம். பச்சை, வெள்ளை எல்லாருக்கும் சாதாரணச் சாப்பாடு, கொழுப்புக் குறைவு. எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று டாக்டர் சொன்னார். பக்கத்துக் கட்டில் அண்ணன் மட்டும் தலையணை உறைக்குள் எட்டுத் துண்டு கேக்கைப் பதுக்கி வைத்திருக்கிறார். எட்டு என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே.

தம்பி

மார்ச் 18

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை முழுக்கப் படி. கோபத்தில் கிழித்துவிடாதே.

நீ இருக்கும் ஆய்வு, ஒரு கம்பெனி புதிதாகச் செய்திருக்கும் கெட்டிக் கொழுப்பைப் பற்றியது. கேக், பிஸ்கட், பாக்கெட் சூப் எல்லாவற்றிலும் போடப் போகிறார்கள். கெட்டிக் கொழுப்பு மிஞ்சினால் மூளைக்கு இன்சுலின் சொல்வது சரியாகக் கேட்காமல் போகலாம் என்பது முன்பே சந்தேகப்பட்ட விஷயம்தான். எடை ஏறும்வரைகூடக் காத்திருக்காது. தங்களுடைய கொழுப்பு அப்படிச் செய்யாது என்று காட்டத்தான் அவர்கள் இந்த ஆய்வையே வைத்தார்கள். வெள்ளை ஒட்டுக்காரர்களுக்குச் சாதாரண எண்ணெய். பச்சைக்கு இந்தப் புதுக் கொழுப்பு. உனக்குப் படிவம் அனுப்பும்போது எனக்கு இவ்வளவும் தெரியாது. பாதி தெரியும். அந்தப் பாதிக்கே நான் அனுப்பாமல் இருந்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 3-ஆம் தேதிப் படத்தில் எண் 17 நன்றாக இருந்தது. இன்சுலின் தெளித்ததும் அந்தப் பாதாம் பருப்பு இடத்தில் மாற்றம் பளிச்சென்று தெரிந்தது. 17-ஆம் தேதி அதில் பாதிதான். மார்ச் 3-ஆம் தேதி, தெளிப்பதற்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் மாற்றி வைத்தால் எனக்கே அடையாளம் தெரியாது. பன்னிரண்டு பச்சைகளில் பதினொன்று அப்படித்தான்.

மார்ச் முதல் தேதி உனக்கு எழுதியபோது இரண்டாவது படம் என் கையில் இருந்தது. ஏன் காரணம் சொல்லவில்லை என்றால், சொன்னால் என் வேலை போகும் என்பதால். பொய் சொல்லி உன்னைச் சேர்த்தது நான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், என் வேலையையும் உன்னையும் தராசில் வைத்துப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே பதினேழு நாள் இருந்துவிட்டேன்.

ஓய்வு வாரம் முடிந்து 14-ஆம் தேதி எடுத்த படம் முந்தாநாள் வந்தது. அதில் மாற்றம் திரும்பியிருக்க வேண்டும். திரும்பாவிட்டால் ஆய்வை அன்றே நிறுத்த வேண்டும் என்பது அவர்களே எழுதிய விதி. திரும்பவில்லை. பிரிவுத் தலைவரிடம் தாளைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“மிஷின் கோளாறா இருக்கும்மா. சேர்க்க வேண்டாம், விட்டுடுங்க.”

“பதினொரு பேருக்கும் ஒரே மாதிரி கோளாறு வருமா சார்?”

“நீங்க அளக்க மட்டும்தான் வந்திருக்கீங்க.”

இதை எழுதும்போது உன் பிப்ரவரிக் கடிதம் பக்கத்தில் இருக்கிறது. கிழித்துவிடு என்று உனக்குச் சொல்லிவிட்டு நான் ஒன்றையும் கிழிக்கவில்லை. முள் வேலை செய்யவில்லை என்று அந்த லாரிக்காரர் சொன்னாரே, நான் அளந்தது அதைத்தான்.

வெளியே வா. என் மேல் இருக்கும் கோபத்தை வெளியே வந்து காட்டு.

அக்கா

மார்ச் 25

அக்காவுக்கு,

உன் கடிதம் 21-ஆம் தேதி காலையில் கிடைத்தது. படித்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்தேன். பொய் என்றும் தோன்றவில்லை, உண்மை என்றும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. மணி அடித்தது, சாப்பிடப் போய்விட்டேன். இதை மறைத்து என்ன ஆகப் போகிறது? போகும்போது உன் கடிதத்தை நினைக்கவில்லை. தட்டைத்தான் நினைத்தேன்.

அன்று ‘விருப்பம்போல் சாப்பிடும் நாள்’. நீளமான மேசையில் எல்லாவற்றையும் பரப்பிவைத்து, யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சாப்பிடலாம். யாரும் தடுக்கக் கூடாது, அதுதான் விதி. வார்டன் அம்மா அட்டையோடு ஒரு மூலையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். வெள்ளை ஒட்டுக்காரர்களும் பச்சையில் ஒருவரும் ஒன்றரை மணிக்கு எழுந்து கை கழுவப் போய்விட்டார்கள். இரண்டு மணிக்கு நாங்கள் பதினொரு பேர்தான் இருந்தோம். கரண்டிச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை.

அண்ணன் எனக்கு எதிரில். முகம் வியர்த்து வழிகிறது, இடது கையால் வயிற்றைப் பிடித்திருக்கிறார், வலது கை நிற்கவில்லை. “அண்ணே, வலிக்குதா?” என்றேன். “ஆமாடா, பயங்கரமா வலிக்குது” என்றார். “அப்போ விடுங்களேன்.” என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது? எந்தப் பக்கம் கதவு என்று கேட்பவர் மாதிரி இருந்தார். “எப்படிடா விடுறது?” என்றார்.

அதற்குப் பிறகு ஐந்து நிமிடம்கூட இல்லை. ஒரு சத்தம் போட்டார், நாற்காலியோடு சாய்ந்தார். வார்டன் அம்மா அட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார், சமையல்காரர்கள் ஓடி வந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது அண்ணனுக்கு நினைவு இருந்தது. வயிறு பானை மாதிரி இறுகியிருந்தது. வாயில் நுரை. “பசிக்குது, பசிக்குது” என்று முனகிக்கொண்டே போனார்.

இதற்குமேல்தான் உனக்குச் சொல்ல வேண்டியது. எல்லாரும் அவரோடு வாசலுக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்தால் நான் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறேன். அவருடைய நாற்காலி கீழே கிடக்கிறது. என் கை அவருடைய தட்டில் இருக்கிறது. வாய் மென்றுகொண்டிருக்கிறது. பக்கத்தில் இன்னும் நான்கு கைகள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அறைக்குப் போய்ப் பையை எடுத்தேன். டாக்டர் வராந்தாவில் மறித்தார். “திங்கட்கிழமை ஒரு படம் எடுத்துக்கிட்டுப் போங்களேன்” என்றார், ரொம்ப மரியாதையாக. பட்டையைப் பல்லால் கடித்து அறுத்து அவர் கையில் கொடுத்தேன்.

இப்போது ஓர் அச்சகத்துக்கு மேல் மாடியில், பழைய சிநேகிதன் அறையில் இருக்கிறேன். கீழே முகவரி எழுதியிருக்கிறேன். அண்ணனுக்கு இரைப்பை கிழிந்திருந்ததாம். தைத்திருக்கிறார்கள். பிழைத்துக்கொண்டார், ஆனால் குழாய் வழியாகத்தான் ஆகாரம்.

உன் மேல் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பதினேழு நாள் என்று எழுதியிருந்தாய். நான் அதில் எத்தனை வேளை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

தம்பி

மே 9

தம்பிக்கு,

நான் அனுப்பிய மூன்று அட்டைக்கும் நீ பதில் போடவில்லை. வெளியே வந்தவர்களைத் தொடர்ந்து பார்க்கும் மருத்துவமனைக்குத் தவறாமல் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறாய் என்று அங்கிருந்து தெரிந்துகொண்டேன். அது போதும் என்றிருந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். உன் கடிதம் வந்த அன்று மதியமே, அளவுகள் எல்லாவற்றையும், ஆய்வுகளைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பினேன். எண் 17 என் தம்பி, பொய் எழுதச் சொன்னது நான் என்பதையும் சேர்த்தே எழுதினேன். அதை மறைத்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். மறுநாள் என் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். ஆய்வை ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். கம்பெனி அந்தக் கொழுப்பைக் கிடங்கில் பூட்டி வைத்திருக்கிறதாம். அழித்துவிட்டார்களா என்று குழுவில் கேட்டேன். அடுத்த தாளைப் புரட்டினார்கள்.

விசாரணையில் பிரிவுத் தலைவர் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். இடைவேளையில் மேசையில் தேநீரும் கேக்கும் வைத்தார்கள். அவர் கேக்கைத் தொடவில்லை. நான் அதைப் பார்த்தேன் என்று அவருக்கும் தெரியும்.

உங்கள் எல்லாருடைய படங்களையும் குழு வேறொருவரிடம் கொடுத்து அளந்தது. முடிவு நேற்று வந்தது. ‘பொய் சொல்லாதே’ என்று நீ எழுதவில்லை. ஆனால் நீ எழுதாமல் இருந்ததை நான் அப்படித்தான் படித்தேன். அதனால் உள்ளபடி சொல்கிறேன்.

பச்சைகளில் பன்னிரண்டாவது ஆளுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒன்றும் ஆகவில்லை. பதினொரு பேரில் ஆறு பேருக்குத் திரும்பிவிட்டது, கொஞ்சம் கொஞ்சமாக. ஐந்து பேருக்கு இதுவரை இல்லை. இனி வருமா, எப்போது வரும் என்று சொல்லத் தெரிந்தவர் யாரும் இல்லை. உன் எண் அந்த ஐந்தில் ஒன்று.

இங்கே வந்து இரு. மாமாவும் சொல்லச் சொன்னார். இந்த வீட்டில் உன்னை இனி யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், நான் உட்பட.

அக்கா

மே 13

அக்காவுக்கு,

சாப்பிட்டு முடித்த கையோடு உன் கடிதத்தைப் படித்தேன். தட்டில் அளந்து வைத்து, கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறேன். முள் பன்னிரண்டுக்கு வந்ததும் தட்டை ஜன்னலுக்கு வெளியே வைத்துவிட வேண்டும், அது சிநேகிதன் போட்ட சட்டம். அவனுக்குப் போன வாரம் வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. இரண்டு நாளாக அறையில் நான் தனி. இரண்டு நாளாக ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறேன்.

வருகிறேன். சனிக்கிழமை காலை வண்டி. மாமாவை ஸ்டேஷனுக்கு வரச் சொல். பிளாட்பாரத்தில் இருக்கும் கடைகளைத் தாண்டித் தனியாக வர எனக்குத் தைரியம் இல்லை.

ஒன்றே ஒன்று. நான் வருவதற்குள் சமையலறைக்குப் பூட்டு வாங்கு. சாவி உன்னிடமே இருக்கட்டும். எங்கே வைக்கிறாய் என்று மாமாவிடம்கூடச் சொல்லாதே. நான் கேட்பேன். கோபமாகக் கேட்டால் பயப்படாதே, அது சும்மா சத்தம்தான். சிரித்துப் பேசி, அந்தக் காலத்துக் கதையெல்லாம் சொல்லி, உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அக்கா, இப்போ பரவாயில்லக்கா, ரொம்பிடுச்சு, தண்ணிதான் குடிக்கணும்” என்று சொன்னால், அப்போது கொடுக்கவே கொடுக்காதே.

தம்பி